ஒத்திகைக்கு ஓர் இடம்

(கே.ஏ. குணசேகரன் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம், சங்கரன்கோவில்)



2016 சனவரி 17 அன்று நம்மை விட்டுப் போன கே.ஏ. குணசேகரனின் நினைவாக நடக்கும் இக்கூட்டத்தில் தலித் நாடகம் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலித் நாடகம் என்று தொடங்கினாலே பேச்சு பிரதிகளின் பக்கம் போய்விடுகிறது. எது முதல் தலித் நாடகம், எழுதியவர் தலித்தாகத்தான் இருக்க வேண்டுமா, பாட்டு நிறைய இருந்தால் அது நாடகமா கலைநிகழ்ச்சியா. இந்த விவாதங்கள் தேவையானவை. நிறையவே நடந்தும் விட்டன. நான் வேறொரு கேள்வியை வைக்கிறேன். அந்த நாடகங்களுக்கெல்லாம் ஒத்திகை எங்கே நடந்தது?

நாடகம் ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. ஒத்திகை இருபது நாள், முப்பது நாள் போகிறது. அத்தனை நாளும் பத்துப் பதினைந்து இளைஞர்கள் ஓரிடத்தில் கூடுகிறார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து நிற்கிறார்கள். சத்தம் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒரே வசனத்தை நாற்பது முறை சொல்லிப் பார்க்கிறார்கள். அந்தக் கூரை யாருடையது, மின்சாரம் யாருடையது, இரவு ஒன்பது மணிக்குப் பூட்டச் சொல்லிச் சாவியைக் கேட்பது யார் என்று பார்த்தால், எழுதப்பட்ட நாடக வரலாற்றில் காணாத பல செய்திகள் கிடைக்கின்றன. குழுக்கள் ஏன் மூன்று ஆண்டுக்கு மேல் நிற்பதில்லை என்பதற்கும் ஒரு விடை அங்கேதான் இருக்கிறது.

நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். நெல்லைச் சீமையில் கலைக்குப் பஞ்சமே கிடையாது. கொடை விழா என்றால் வில்லுப்பாட்டு, சுடலை மாடனுக்குக் கணியான் கூத்து, நையாண்டி மேளம், கரகாட்டம். ஆடித் தபசு நாள்களில் இந்த ஊருக்குள் வந்துபோகும் கூட்டத்தையும் மேளத்தையும் நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தக் கலைகளை நிகழ்த்துகிறவர்களில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். கணியான்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். அச்சாரம் கொடுத்து செட்டைப் பேசி முடிப்பவர்கள் பெரும்பாலும் வேறு சாதியினர். கலைஞருக்கு மேடை கிடைக்கிறது, விடியவிடிய ஆட நேரம் கிடைக்கிறது. சாப்பாடு எங்கே பரிமாறப்படுகிறது, உடை மாற்ற எந்த இடம் ஒதுக்கப்படுகிறது என்று கேட்டால் அந்த மேடையின் உண்மை தெரிந்துவிடும். ஒரு கரகாட்டப் பெண் மாட்டுக்கொட்டகையில் சேலை மாற்றிக்கொண்டு வந்துதான் ஊர்ப் பெரியவர்களுக்கு முன் வணக்கம் போடுகிறாள்.

மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ 2018இல் வந்தபோது தமிழ்நாடே பேசிய ஒரு காட்சி உண்டு. பெண் வேடமிட்டு ஆடும் கூத்துக் கலைஞரான தகப்பன் அவமானப்படுத்தப்படும் காட்சி. அதில் நடித்த நெல்லைத் தங்கராசு உண்மையிலேயே பெண் வேடமிட்டு ஆடி வந்த கலைஞர். படம் வெளியான பிறகும் வறுமையில்தான் இருந்தார், 2023இல் இறந்தார். எத்தனையோ ஊர்க் கொடையில் ஆடியிருப்பார். மேடைகள் அவருக்குக் குறைவாக இருந்ததில்லை. மேடை இருந்தும் ஒரு கலைஞரின் வாழ்க்கை இப்படிப் போக முடியும் என்பதற்காக அவரை இங்கே நினைவுகூர்கிறேன்.

தமிழில் இளையோர் நாடகத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1867இல் தூத்துக்குடி அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனி என்று மக்கள் அழைத்த அமைப்பு அது. ஏழை வீட்டுப் பையன்கள் கம்பெனி வீட்டில் தங்கி, அங்கேயே உண்டு, அங்கேயே பாடம் கற்றார்கள். அடியும் உதையும் அங்கே உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கூரை இருந்தது. ஒரு தலைமுறையே நடிகர்களாக வெளியே வந்தது. அந்தக் கூரைக்குக் கீழே சேரிப் பையன்களுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை அந்தக் காலத்துச் சாதி ஒழுங்கை அறிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம். நந்தன் கதை மட்டும் மேடைதோறும் ஓடியது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய கீர்த்தனைகள் கதாகாலட்சேபமாகி, நாடகமாகி, 1935இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படமாகவும் ஆயின. நம் கதை ஊரெல்லாம் ஆடப்பட்டது. ஆடுகிற இடத்துக்குள் நாம் வரவில்லை.

1970களின் கடைசியில் நிலைமை மாறத் தொடங்கியது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பட்டறையும், 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறையும் தமிழில் புதிய அரங்கத்துக்கு வழி திறந்தன. மதுரையில் மு. ராமசாமியின் நிஜ நாடக இயக்கம், சென்னையில் ஞாநியின் பரீக்ஷா, பிறகு பிரளயனின் சென்னைக் கலைக்குழு என்று குழுக்கள் எழுந்தன. சர்க்கார் சொன்னது எளிமையான ஒன்று. திரை வேண்டாம், விளக்கு வேண்டாம், டிக்கெட் வேண்டாம், மனித உடல் போதும், எங்கும் ஆடலாம்.

இந்த ‘எங்கும்’ என்ற சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. கொல்கத்தாவின் பூங்காவில் அது பொருந்தலாம். நம் கிராமத்தில் தெரு என்பது பொது இடம் அல்ல. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு சாதி இருக்கிறது. வீதி நாடகக் குழு ஊருக்குள் வந்து வட்டம் போட்டு நின்றால் சேரிக்காரர் அங்கே வந்து உட்கார மாட்டார். சேரியில் வட்டம் போட்டால் ஊர்க்காரர் வர மாட்டார். இரண்டுக்கும் நடுவில் பேருந்து நிறுத்தத்தில் ஆடினால் இரு தரப்பும் தள்ளித் தள்ளி நின்று பார்ப்பார்கள். அடுத்த பஸ் வந்ததும் கூட்டம் கலைந்துவிடும். 1990களில் அறிவொளி இயக்கத்தின் கலைப்பயணங்கள் மாவட்டம் மாவட்டமாகச் சுற்றியபோது நூற்றுக்கணக்கான இளைஞர்கள் முதல்முறையாகப் பாடவும் நடிக்கவும் கற்றார்கள். அந்த இயக்கத்தின் சாதனையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பயணம் முடிந்தபின் அந்த இளைஞர்கள் திரும்பிப் போய்க் கூடுவதற்கு ஓரிடம் விட்டுவைக்கப்படவில்லை. திட்டம் முடிந்தது, ஜீப் திரும்பிப் போயிற்று.

குணசேகரன் வேறு வழியில் வந்தவர். சிவகங்கைச் சீமையில் மாரந்தை என்ற சிற்றூரில் 1955இல் பிறந்தார். ஊர்களில் பட்ட சாதி அவமானத்தையும், இளையான்குடியில் முஸ்லிம்கள் சாதி பார்க்காமல் பழகியதையும் அடுத்தடுத்து வைத்து 2005இல் வந்த ‘வடு’வில் எழுதியிருக்கிறார். நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்தார், ஆராய்ந்தார். எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடினார். ‘தன்னானே’ கலைக்குழுவைக் கட்டினார். இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ பாடல் புத்தகத்திலிருந்து இறங்கி நம் ஊர்வலங்களுக்கு வந்து சேர்ந்தது இவர் குரலால்தான். இருவரும் ஒரே ஆண்டில், 2016இல், மறைந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் வந்த ‘பலியாடுகள்’ சாதிக்குப் பலியாகிறவனையும், அவன் வீட்டுக்குள்ளேயே பலியாகிற பெண்ணையும் ஒரே நாடகத்தில் நிறுத்தியது. தமிழின் முதல் தலித் நாடகம் என்று பலரும் அதைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். இந்த மனிதர் இவ்வளவையும் எங்கிருந்து செய்தார்? புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் அவர் பேராசிரியர். பாய்ஸ் கம்பெனியைக் கட்டியவர் 1922இல் இறந்ததும் புதுச்சேரியில்தான். அவர் பெயரில் அமைந்த பள்ளியில், மாரந்தைச் சேரியிலிருந்து வந்தவர் மாணவர்களுக்குப் பறையும் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுத்தார். கூடம் இருந்தது, மாணவர்கள் இருந்தார்கள், சம்பளம் இருந்தது, சாவியும் அவர் கையில் இருந்தது. மேதைமையை நான் மறுக்கவில்லை. அதே மேதைமையோடு மாரந்தையிலேயே இருந்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பவர் ஊர்வலப் பாடகர் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதே காலத்தில் மதுரை அரசரடியில் இன்னொரு கூரை. தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, நம்மில் பலருக்குப் ‘பரட்டை அண்ணன்’, கிராமத்துப் பாட்டையும் நாடகத்தையும் வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். 2005இல் அவர் இறந்தார். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டித் தலித் எழுச்சி வீறு கொண்ட அந்தப் பத்தாண்டில் அந்த வளாகத்தில் தலித் கலைவிழாக்கள் நடந்தன. பறை அங்கே மேடை ஏறியது. இதை இன்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பறையைத் தொடக் கூடாது என்பதும் நம் இயக்கத்தின் நிலைப்பாடாக இருந்தது என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எல். இளையபெருமாள் போன்றோர் சாவுக்குப் பறையடிப்பதை நிறுத்து, செத்த மாட்டைத் தூக்குவதை நிறுத்து என்று ஊர் ஊராகப் போராடினார்கள். அதற்காக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பறை என்பது ஊழியம். அடுத்த தலைமுறை அதை இசை என்று கையில் எடுத்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த வாக்குவாதம் ஒரு நாளில் தீரவில்லை. தீர்ந்த அளவுக்குத் தீர்ந்தது ஒத்திகை இடங்களில்தான். ஊர் அழைத்தால் அடிக்கும் பறை ஊழியம். நம் கூடத்தில், நமக்காக, நம் பெண்கள் கற்றுக்கொண்டு அடிக்கும் பறை வேறு.

பெண்கள் என்றேனல்லவா, திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய சக்தி கலைக்குழுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பறை ஆண்களின் கருவியாகவே இருந்தது. இளம் தலித் பெண்கள் அங்கே தங்கிப் பறையும் ஆட்டமும் கற்றார்கள். ‘தங்கி’ என்பதுதான் முக்கியம். நம் வீட்டுப் பெண்பிள்ளை ஒத்திகை முடிந்து இரவு எட்டரைக்கு வீடு திரும்ப வேண்டும் என்றாலே அடுத்த வாரம் அவள் வர மாட்டாள். தங்கும் இடமும் கழிப்பறையும் உள்ள ஒரு வளாகம் அந்தப் பிரச்சினையைத் தீர்த்தது. நாடகம் பற்றிய கருத்தரங்குகளில் கழிப்பறையைப் பற்றி யாரும் கட்டுரை வாசிப்பதில்லை. பெண்கள் குழுவை நடத்திப் பார்த்தவர்களுக்கு அது முதல் அத்தியாயம்.

தமிழ்நாட்டுக்கு வெளியேயும் இதே வரிசைதான். மகாராட்டிரத்தில் 1930களிலேயே பீம்ராவ் கர்டக் நாசிக் பகுதி இளைஞர்களைச் சேர்த்து அம்பேத்கரிய ஜல்சா நடத்தினார். தமாஷாவின் வடிவம், சத்தியசோதக் இயக்கத்தாரின் ஜல்சா மரபு, அதற்குள் அம்பேத்கரின் அரசியல். பிறகு அம்பேத்கரின் மக்கள் கல்விக் கழகம் ஔரங்காபாத்தில் கல்லூரி திறந்தது. அங்கே பேராசிரியராக இருந்த எம்.பி. சிட்னிஸ் எழுதிய ‘யுகயாத்ரா’வை 1955இல் மாணவர்கள் நடித்தார்கள். மறு ஆண்டு, 1956 அக்டோபரில், அம்பேத்கர் பௌத்தம் தழுவிய நாக்பூர்த் திரளுக்கு முன் அது ஆடப்பட்டது. அத்தனை பெரிய திரளுக்கு முன்னால் நின்ற நாடகம் ஒரு கல்லூரிக் கூடத்தில்தான் உருவானது.

எனக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு அகமதாபாத்தின் சாராநகர். குற்றப் பரம்பரை என்று ஆங்கிலேயன் முத்திரை குத்திய சாரா மக்களின் குடியிருப்பு அது. 1998இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் புதன் சபர் என்ற பழங்குடி இளைஞர் போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். மகாசுவேதா தேவியும் கணேஷ் தேவியும் அந்த மக்களுக்காக இயக்கம் தொடங்கிய ஆண்டும் அதுதான். சாராநகரில் ஒரு சிறு நூலகம் திறக்கப்பட்டது. படிக்க வந்த இளைஞர்கள் புதன் சபரின் கதையை நாடகமாக்கினார்கள். தட்சிண் பஜ்ரங்கே முதலியோர் வளர்த்த அந்தக் குழுவின் பெயர் புதன் தியேட்டர். நாடகக் குழு வேண்டும் என்று அங்கே யாரும் திட்டம் போடவில்லை. புத்தக அலமாரி உள்ள ஓர் அறை கிடைத்தது, அதற்குள் நாடகம் வந்தது. திருடர்கள் குடியிருப்பு என்று போலீஸ் ஜீப் நுழையும் தெருவில், அந்தப் போலீஸின் வேடத்தைச் சிறுவர்கள் போட்டு ஆடினார்கள்.

ஆட்சி இதைப் புரிந்துகொண்டிருந்தது. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் வெள்ளைக்காரன் போட்டது. எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் ஓடிய காலத்தில், 1954இல், சென்னை மாகாணம் தனியாக ஒரு சட்டம் போட்டது. நாடகத்தை முன்கூட்டியே காட்டி அனுமதி பெற வேண்டும் என்ற அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்து ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. சுதந்திரம் வந்து 65 ஆண்டுக்குப் பிறகு! சட்டம் போனாலும் ஒலிபெருக்கி அனுமதி, பாதுகாப்புக் காரணம் என்று காவல் நிலையத்துக்கு அலையும் வேலை போகவில்லை. திறந்த வெளியில் ஆடுகிறவர்களுக்குத்தான் இந்த அலைச்சல் அதிகம். சொந்தக் கூடத்துக்குள் ஒத்திகை பார்க்க எந்த ஆய்வாளரின் கையெழுத்தும் தேவையில்லை.

சங்கரன்கோவிலுக்குத் திரும்புகிறேன். சட்டமன்றத்துக்கு இது தனித்தொகுதி. பக்கத்து வாசுதேவநல்லூரும் தனித்தொகுதி. தென்காசி நாடாளுமன்றத் தொகுதியும் தனித்தொகுதி. இவ்வளவு தனித்தொகுதிகளுக்கு நடுவில் தலித் இளைஞர்கள் மாலையில் கூடி நாடகம் பழக என்று ஒரு கூடத்தை யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நெற்கட்டும்செவல். பூலித்தேவர் படையில் நின்ற ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் இருக்கிறது. 2022இல் அஞ்சல் தலை வந்தது. போராடிப் பெற்றவை, மகிழ்ச்சி. அந்த வீரனின் கதையைப் பிள்ளைகள் ஆடிப் பார்க்க ஒரு கூடம் என்பது மட்டும் நம் கோரிக்கைப் பட்டியலில் ஏறவே இல்லை.

சமுதாயக் கூடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. முகூர்த்த நாளில் கல்யாணம், மற்ற நாளில் பூட்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழு ஓர் ஊரில் பொதுக் கூடம் ஒன்றை ஒத்திகைக்குக் கேட்டது. ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு நாள் யோசித்துவிட்டு அனுமதி கொடுத்தார்கள், ஒரு நிபந்தனையோடு: ஆட்கள் உள்ளே வரலாம், பறை வெளியே இருக்கட்டும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி சிரித்துவிட்டாள். ‘பரவாயில்லக்கா, முன்னே நம்மளையும் சேத்து வெளியே வச்சாங்க’ என்றாள். நாங்கள் அன்று வேப்பமரத்தடியில் ஒத்திகை பார்த்தோம். மழை வந்ததும் குழு கலைந்தது. அந்த ஆண்டுக்கான நாடகமும் அத்தோடு முடிந்தது.

இது கலை ஆர்வத்தின் பிரச்சினை மட்டும் அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவன் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறும் நெற்றிக் குறியும் பள்ளிக்குள் வரக் கூடாது என்றது. கயிற்றை அறுப்பது சரி. மணிக்கட்டில் கயிறு கட்டிய பையனுக்குப் பள்ளி முடிந்த பிறகு போக ஓர் இடம் இருக்கிறது: அவன் சாதிச் சங்கத்தின் திண்ணை. அதற்குப் போட்டியாக நாம் காட்டும் இடம் எது? பள்ளிக் கல்வித் துறை நடத்தும் கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் பரிசு வாங்குகிறார்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பு தயாராகி, பரிசு வாங்கி, கலைந்துவிடுகிறார்கள். ஐந்து நிமிட நிகழ்ச்சிக்கு அது போதும். ஒருவன் வேடத்தை இன்னொருவன் போட்டுப் பார்க்க, வெட்டியவனாகவும் வெட்டுப்பட்டவனாகவும் மாறி மாறி நிற்க, மாதக் கணக்கில் நேரம் வேண்டும்.

நமக்குள்ளேயும் ஒன்றைப் பேசியாக வேண்டும். இந்தப் பகுதியில் பள்ளர் தெரு, பறையர் தெரு, அருந்ததியர் தெரு என்று நம் தெருக்களும் தனித்தனி. ஒன்றின் சமுதாயக் கூடத்துக்குள் இன்னொன்றின் பிள்ளைகள் போவதில்லை. பறை வேண்டாம் என்கிற தெருவும், மேளம்தான் சோறு என்கிற தெருவும் அடுத்தடுத்து இருக்கின்றன. கூடம் கேட்கும்போது எந்தத் தெருவில் என்ற கேள்வி உடனே வரும். நகரத்தின் நடுவில், பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. குழுவில் ஒருவர் மட்டும் ஆயுள் முழுக்கப் பறை அடிப்பவராக, இன்னொருவர் ஆயுள் முழுக்க வசனம் பேசுபவராக இருக்கக் கூடாது. மாறி மாறிக் கற்க வேண்டும். இது நடக்காத குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சாதி, வேடம் என்ற பெயரில் உட்கார்ந்திருந்தது.

நேரம் பற்றியும் ஒரு சொல். விடியலில் வேன் ஏறிப் பட்டாசு ஆலைக்கோ பஞ்சாலைக்கோ போகும் பெண்ணும், இரவு ஷிப்டில் விசைத்தறி ஓட்டும் பையனும் நம் குழுவில் இருப்பார்கள். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும் அரசுக் கட்டடம் அவர்களுக்கு எந்தப் பயனும் தராது. மாலை ஆறு முதல் ஒன்பது வரையும் ஞாயிறு முழுவதும் திறந்திருக்க வேண்டும்.

நகராட்சிக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுப்பதற்காக ஒரு மனுவைத் தோழர்கள் தயாரித்து வாசலில் வைத்திருக்கிறார்கள். மேடை கேட்கவில்லை. ஓர் ஓட்டுக் கூரை, ஐம்பது பேர் நிற்கும் தரை, புத்தக அலமாரி ஒன்று, பெண்களுக்குப் பூட்டு உள்ள கழிப்பறை, கருவிகளை வைக்க ஓர் அறை என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒரு வரியை மட்டும் நான் சேர்க்கச் சொன்னேன்: சாவி இரண்டு வேண்டும், ஒன்று குழுவில் உள்ள ஒரு பெண்ணிடம் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர்கள் தெருப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.